கித்தான் சுவர்

கோபமாக இருக்கும்போது செய்யக் கூடாத வேலை இது.

கொஞ்சம் அழுத்தினாலும் ஃபோம் பலகையில் குழி விழும். அழுத்தாமல் விட்டால் துணிக்கும் பலகைக்கும் நடுவே காற்று நின்று கொப்பளமாகிவிடும். உள்ளங்கையை நடுவில் வைத்து விளிம்பை நோக்கி மெல்லத் தள்ள வேண்டும். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற கை வேண்டும்.

அவளுக்கோ யார் கன்னத்திலாவது அறைய வேண்டும் போலிருந்தது.

யார் கன்னத்தில் என்றும் தெரியும்.

குட்டியானை லோடு வண்டி புங்கை மரத்தடியில் நின்றது. நேர் எதிரே, அவள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக்காரரின் கேட். காம்பவுண்டுக்குள் வேலை செய்யக் கூடாது, பசை சிந்தும் என்று சொல்லிவிட்டார்.

சரி, தெருவிலேயே ஆகட்டும்.

சாமான் ஏற்றுகிற இடத்தில் நான்கு பக்கமும் பலகை நிறுத்தி, மேலே ஒன்று போட்டு மூடியாயிற்று. இதற்குள் அவளும் அவள் கணவன் வேந்தனும் படுக்க வேண்டும், சமைக்க வேண்டும். மாதம் முடிந்தால் இதுதான் வீடு.

வேந்தன் ரோலரால் பசையை இழுத்தான். அவள் ஈரக் கித்தானை விரித்தாள்; பசையோடு காய்ந்தால் அதுதான் சுவரைக் கெட்டியாக்கும். முதல் பலகைக்குத் துணியைத் துவைக்காமல் ஒட்டினார்கள். கஞ்சி மொடமொடப்பில் பசை இறங்கவே இல்லை. மறுநாள் அப்படியே உரிந்து வந்தது. இப்போது துணியை நன்றாக அலசிவிட்டுத்தான் ஒட்டுகிறார்கள்.

இரண்டு வருடம் அந்த வீட்டின் மாடியில் குடியிருந்ததில் ஒரு புகார் எழுந்ததில்லை. அவள் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை, கைமணம் என்று புகழ்ந்து சாப்பிட்டவர்தான் அந்த மனுஷன்.

போன மாதம் அவளுடைய அப்பா வந்தார். வீட்டுக்காரர் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார். ஊர்ப் பெயர் கேட்டார். அட, தெரிந்த ஊராச்சே என்றார்.

பிறகு, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்.

நேராக ஜாதி கேட்க வெட்கப்படுகிறவர்கள் தெருவைத்தான் கேட்பார்கள்.

அப்பா சொன்னார். பிறந்த தெருவை மறைக்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலையில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகனுக்கு வேண்டுமாம். மகன் கனடாவில் இருக்கிறான்.

அப்பா காபி குடித்த எவர்சில்வர் டம்ளர் வாசல் குப்பைத் தொட்டியில் கிடந்தது. ஓட்டை இல்லை, நசுங்கல் இல்லை. நல்ல டம்ளர்.

அவள் அதை எடுத்து வைத்துக்கொண்டாள். இப்போது அதில்தான் பசை.

அதன் பிறகு ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் தண்ணீர் வருமா என்று இவர்கள் கேட்பதற்குள் அவர்கள் தெருவைக் கேட்டுவிட்டார்கள்.

அப்பா தினமும் போனில் கூப்பிடுகிறார். நான் ஏதும் தப்பாகப் பேசிவிட்டேனாம்மா என்கிறார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கை அழுந்திவிட்டது. பலகையில் கட்டைவிரல் ஆழத்துக்குக் குழி.

வேந்தன் பார்த்தான். மறுபடி ரோலரை இழுத்தான்.

கேட் திறந்தது. வீட்டுக்காரர் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நேற்று ஒட்டிக் காய்ந்த பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பரவால்லியே, நல்லா கெட்டியா இருக்கே. ஆமா, இத எந்தத் தெருவுல நிறுத்தப் போறீங்க?"

அக்கறையாகத்தான் கேட்டார். அப்பாவிடமும் இதே குரலில்தான் கேட்டிருப்பார்.

அவள் நிமிரவில்லை. உள்ளங்கையை நடுவில் வைத்தாள். மெல்ல, விளிம்பு வரை தள்ளினாள். ஒரு கொப்பளம் இல்லை.

"இதே தெருதான், சார். இதே மரத்தடி."

அவர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. உள்ளே போய் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

துணி காய்ந்த பிறகுதான் கதவுக்கு அறுப்பார்கள். வண்டியின் பின்பக்கத்தில் அதற்கு சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அவள் ஈரத்துணியை எடுத்து அந்தக் கோட்டை அழித்தாள். வீட்டுக்காரர் தட்டிப் பார்த்த பக்கத்துக்கு வந்தாள். கேட்டைப் பார்த்த பக்கம் அது. தலை உயரத்திலிருந்து கீழே வரை புதுக் கோடு இழுத்தாள்.

"இங்கயா?" என்றான் வேந்தன்.

"ஆமா. காலைல கேட்டத் தொறந்தா அவரு நம்ம மூஞ்சியிலதான் முழிக்கணும்."