ஒரு வார வாடகை

முப்பத்தாறு மணி நேரமாக விடாமல் கொட்டிய பனி இப்போதுதான் நின்றிருக்கிறது. பனிச்சறுக்குக் கடையின் கண்ணாடியில் பட்டு வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. புர்கி மண்டியிட்டு, ஹாம்பர்க்கிலிருந்து வந்திருக்கும் இம்கேயின் காலில் பனிச்சறுக்கு பூட்ஸை மாட்டி, கொக்கியை ஒரு பல் கூடுதலாகவே இறுக்குகிறாள். இரண்டு குளிர்காலம் புர்கியோடு மட்டுமே சறுக்கிய ரோமெட், இம்கேயின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறான். அந்தக் கையைப் பார்க்காமலிருக்க அவள் கொக்கியையே பார்க்கிறாள்.

"புதுசா கத்துக்கறீங்க, வாடகைக்கே எடுங்க. ஒரு வாரம் போதும் உங்களுக்கு," என்கிறாள் இம்கேயிடம். வாடகைக்கு எடுப்பவர்கள் சனிக்கிழமை தங்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

"இந்த மலையில யாரு யாரை 'நீங்க'ன்னு கூப்பிடறா? என்ன புர்கி, திடீர்னு மரியாதை பொங்குது?" ரோமெட் சிரிக்கிறான். அவள் நிமிரவில்லை. கூரைப்பனி உருகி வாசலில் சொட்டுகிறது.

"சொந்தமா வாங்கினாதான் கால் பழகும்னு இவன் சொல்றான்," என்கிறாள் இம்கே.

"வாங்கினா முழு விலை. தள்ளுபடியெல்லாம் உள்ளூர்க்காரங்களுக்குத்தான்."

ரோமெட்டின் சிரிப்பு நின்றுவிடுகிறது. சறுக்குப் பலகைக்குப் பூசும் மெழுகுக்கட்டிகள் அடுக்கிய அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

"நீ இன்னும் இவகிட்ட சொல்லலையா?" அவனைக் கேட்டுவிட்டு, இம்கே புர்கியிடம் குனிகிறாள். "நானும் உள்ளூர்க்காரிதான், புர்கி. போன வெள்ளிக்கிழமை ஹாம்பர்க்ல நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."