ஒரு சாண் தூரம்

"இன்னும் ஒரே ஒரு ஓட்டம்தான். கோட்டத் தொட்டுட்டா தம்பிக்கு, தடுத்துட்டா அண்ணனுக்கு. அப்புறம் பேச்சே கிடையாது, சரியா?"

சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு சன்னாசி கேட்டார். அண்ணன் இராஜமாணிக்கமும் தம்பி சுகுமாறனும் தலையை மட்டும் ஆட்டினார்கள். இருவருக்கும் பேச்சு நின்று மூன்று வாரம் ஆகிறது.

சுவா ஊருக்குப் பக்கத்தில் உள்ள தோட்டத்து மண்டபத்தில், மேசைமேல் அமெரிக்கக் கால்பந்து ஆடும் அந்தத் தகரப் பலகை கிடந்தது. போர்ட்டிக்சனில் வேலை பார்த்த ஓர் அமெரிக்கர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. சுவிட்சைப் போட்டால் தகரம் அதிரும். அந்த அதிர்வில் பக்கத்துக்குப் பதினொரு பொம்மைகள் தாமாக நகரும். பந்து வைத்திருக்கும் பொம்மையை எதிரணிப் பொம்மை ஒன்று உரசினாலும் ஓட்டம் முடிந்தது. பொம்மைகளை எங்கே, எந்தக் கோணத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

மற்ற சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கூடிச் சிரித்து ஆடுவார்கள். இன்று டிராக்டர் ஓட்டும் சன்னாசியைத் தவிர யாரையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். இப்போது மணி பதினொன்று நாற்பது.

பாரோயில் அப்பா விட்டுப்போன வீட்டுக்குத்தான் அண்ணன் தம்பிக்குள் இந்த அடிதடி என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. சன்னாசியும் அப்படித்தான் நினைத்திருந்தார். இருவரும் அதை மறுக்கவும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த சண்டையைப் பக்கத்து வீடுகளும் கேட்டன.

"மூத்தவன் நான் இருக்கேன். இது எனக்குத்தான்" என்றார் இராஜமாணிக்கம்.

"உனக்குப் பொண்டாட்டி இருக்கா, மூணு புள்ளைங்க இருக்கு. எனக்கு யாரு இருக்கா? இது எனக்கு வந்தாகணும்ணே."

தங்கை ரோகினி நடுவில் வந்து, தனக்கு எதுவுமே வேண்டாம், இருவரும் சண்டை போடாமல் இருந்தால் போதும் என்று அழுதாள். யாரும் கேட்கவில்லை. கடைசியில், பலகையில் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது சுகுமாறன்தான்.

இப்போது ஆட்டம் சமநிலையில் நின்றது. பந்து சுகுமாறனிடம். கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் தூரம்.

அவன் குனிந்து அண்ணனின் வரிசையைப் பார்த்தான். கனமான நான்கு பொம்மைகள் நடுவில் சுவர்போல நின்றன. இரண்டு ஓரத்திலும் வேகமானவை. ஓரமாக ஓடினால் வளைத்துப் பிடித்துவிடுவார்கள். நடுவில் நேராக மோதினால் பந்துக்காரன் நசுங்கிப்போவான். அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை.

சுகுமாறன் தன் முன்வரிசை ஆட்களை நேருக்கு நேர் நிறுத்தவில்லை. இடது பக்கத்துக் கனமான இருவரின் தோளில் போய் இடிக்குமாறு இரண்டு பேரைச் சாய்த்து வைத்தான். இடித்தால் அவர்கள் ஆளுக்கொரு பக்கமாக விலகுவார்கள். கதவு திறந்த மாதிரி நடுவில் வழி கிடைக்கும். அந்த வழியில் முன்னால் போக ஒருவன். அவனுக்குப் பின்னால், ஒரு விரல் இடைவெளி விட்டு, பந்து வைத்திருப்பவன். ஒட்டி நிறுத்தினால் சொந்த ஆளின் முதுகிலேயே முட்டிச் சுழன்றுவிடுவான்.

"முடிஞ்சது" என்றான்.

தடுப்பவர் கடைசியாக ஒரு பொம்மையை மாற்றலாம் என்பது விதி. இராஜமாணிக்கம் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓரத்திலிருந்த ஒருவனைத் தூக்கி, சரியாக அந்த வழியின் வாயிலிலேயே வைத்தார். சுகுமாறன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். இனி அவன் எதையும் தொடமுடியாது.

சன்னாசி சுவிட்சைப் போட்டார்.

தகரம் உறுமியது. சாய்த்து வைத்த இருவரும் போய் இடித்தார்கள். கனமானவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். வழி திறந்தது. வாயிலில் நின்றவன் நேராக வந்தான். முன்னால் போனவன் அவன்மேல் மோதினான். இருவரும் மூக்கோடு மூக்கு உரசி, நகராமல் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பந்து வைத்திருந்தவன் பின்னால் வந்து கொண்டிருந்தான்.

"திரும்புடா" என்று பல்லைக் கடித்தான் சுகுமாறன்.

முட்டிக்கொண்டு நின்ற இரண்டும் ஒரு நூல் அளவு வலப்பக்கம் சரிந்தன. அந்தச் சந்தில் பந்துக்காரன் பக்கவாட்டாக நுழைந்தான். அண்ணனின் ஓரத்து ஆள் வேகமாக வளைந்து வந்தான். இரண்டு விரல் தூரம். ஒரு விரல் தூரம். உரசுவதற்குள் பொம்மை தள்ளாடியபடியே கோட்டைத் தாண்டியது.

சன்னாசி சுவிட்சை அணைத்தார்.

இராஜமாணிக்கம் நாற்காலியில் சரிந்தார். தோட்டத்தில் நாற்பது பேரை வேலை வாங்கும் அந்த மண்டோர், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தம்பியிடம் பேசினார்.

"இன்னொரு வாட்டி ஆடலாம்டா."

"பேசுனது பேசுனதுதான்ணே."

ஒரு வீட்டுக்காக இந்த மனிதர் இப்படி உடைந்துபோவாரா என்று சன்னாசிக்குச் சங்கடமாக இருந்தது. சுகுமாறன் கைப்பேசியை எடுத்தான். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை சரியாக அழுத்தினான்.

"மிஸ்ஸி, முடிவாயிடுச்சு" என்றான் ஆஸ்பத்திரி நர்ஸிடம். "அண்ணன் பேர எடுத்திடுங்க லா. தங்கச்சிக்கு என் கிட்னிதான்."