மூன்று விசில்

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெண் பார்க்க வருவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். சரியாகப் பத்துக்கு வாசலில் நின்ற அம்மாளைப் பேசவிடாமல் உட்கார வைத்து, கேசரியை நீட்டினாள் ராஜாம்பாள்.

"உங்க வீட்ல பருப்புக்கு எத்தன விசில்?" என்றார் வந்தவர்.

"மூணே விசில், வெண்ணெயா வெந்துடும். எல்லாம் எம்பொண்ணு ஜெயசுதா கைப்பக்குவம்."

"பக்கத்துத் தெருவுல எட்டு விசில்னாங்களே. சோப்பு நல்லா நுரைக்குதா?"

"பொங்கி வழியுது. புடிச்சிருக்குதா, சொல்லுங்க."

"ரொம்ப. நான் பேரூராட்சி இன்ஜினீயர்மா. செஞ்சி டவுனுக்குக் குடிதண்ணி போர் போட எடம் தேடுறோம். பருப்ப இப்படி வேகவெக்கிறது உங்க தோட்டத்துத் தண்ணிதான். ஓரமா எடம் தருவீங்களா?"

ராஜாம்பாளின் முகம் ஒரு கணம் தொங்கியது. பிறகு இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள்.

"தரேன்மா. தரகர் சொன்னவங்க வர்றதுக்குள்ள சொல்லிடுங்க, உங்களுக்குக் கல்யாண வயசுல பையன் இருக்கானா?"