ரிச்சர்ட் வீட்டுச் சாக்குப் படம்

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய வருடம், மகளோடு இருக்க ஆஸ்திரேலியா கிளம்பிய ரிச்சர்ட், தன் வீட்டுச் சாமான்களைக் கோரமண்டல் கிளப்பில் ஏலம் விட்டார். கட்டிலும் பீரோவும் போன வேகத்தில் அந்தப் படம் போகாது என்று தெருவுக்கே தெரியும். இள வயதில் அவரே செய்தது. பலகையில் கிழிந்த சாக்கையும் சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் கேஜின் கயிற்றுக் கம்பியையும் ஒட்டி, தார் பூசி, நடுவில் கொஞ்சம் சிவப்பு தீட்டியிருந்தார்.

"அரிசிக் கடையில சாக்கு ஓசியிலயே கெடைக்குது. இதையும் யாராச்சும் வாங்குவாங்களா இன்னா?" என்றாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி.

கணவர் ராஜப்பா அவள் காதைக் கடித்தார். "பெங்களூர்க்காரரு ஒருத்தருதான் கேக்கறாரு. அடிமாட்டு விலைக்குப் போயிடும், பாவம். நீ சும்மானாச்சும் ரெண்டு வாட்டி ஏத்திக் கேளு."

புஷ்பவல்லி கேட்டாள். கொத்தமல்லிக்கே பேரம் பேசுகிறவள், பெங்களூர்க்காரர் கழுத்து வேர்வையைத் துடைக்கும்வரை விடாமல் ஏற்றிக் கேட்டாள்.

"போதும்மே, நம்ம தலையில கட்டிடப் போறாங்க" என்று ராஜப்பாதான் அவள் கையைப் பிடித்து இறக்கினார். படம் பெங்களூர்க்காரருக்குப் போனது. ரிச்சர்ட் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னார்.

"இன்னா நடிப்பு, புஷ்பா. நானே நம்பிட்டேன்" என்று வழியெல்லாம் மெச்சினார் ராஜப்பா. கூட வந்த எங்கள் தெருவும் மெச்சியது. அவள் கிளப்பையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள்.

வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டதும் ராஜப்பாவின் பேச்சு நின்றது. ஹாலில் மாட்டியிருந்த கல்யாண போட்டோ அரிசி டின் மேல் கிடந்தது. அது இருந்த சுவரில், ஒரு பெரிய பலகையைத் தாங்கும்படி, இரண்டு புது ஆணிகள் அடிக்கப்பட்டிருந்தன.