ஆள் தெரியாமல் போட்ட கையெழுத்து

"நீயே பேசு ரேவதி. பொம்பளை கேட்டா மனசு இளகுவாரு" என்று கிசுகிசுத்தார் ரவிச்சந்திரன். ஆபீஸில் நூறு பேரை மேய்க்கிற மனிதருக்கு இந்த வாசலில் பேச்சு வரவில்லை.

ரேவதிக்கும் கதவைத் தட்டக் கை வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு வந்து, காரை ஓட்டிய தன் பிள்ளைக்குச் சாதகமாகப் பேசச் சொல்லிக் கேட்பதென்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். கஜபதியே கதவைத் திறந்தார்.

"வா சார், வாம்மா. உக்காருங்க. கௌதம் எப்டி கீறான்? நடக்கிறானா?"

"நடக்கிறான் அண்ணா. எல்லாம் உங்க புண்ணியம்." சொல்லும்போதே ரேவதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

உபசாரத்துக்குச் சொன்னது இல்லை அது. மூன்று மாதத்துக்கு முன்னால், காலேஜ் வாலிபால் டீம் கோப்பை ஜெயித்த அன்று, கௌதமும் கஜபதியின் மகன் நிர்மலும் ரவிச்சந்திரனின் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவுட்டர் ரிங் ரோட்டில், கொட்டுகிற மழையில், விளக்குப் போடாமல் நின்ற லாரியில் கார் மோதியது. ஓட்டியவன் கௌதம். போனவன் நிர்மல்.

ஜெயித்தால் ஜெர்சியை மாற்றிப் போட்டுக்கொள்வது அந்தப் பையன்களின் வழக்கம். முதுகில் இருந்த பெயரைப் பார்த்து, மூச்சு இருந்தவனை நிர்மல் என்று எழுதிக்கொண்டார்கள் ஆஸ்பத்திரியில். கஜபதிக்குப் போன் போயிற்று. பக்கத்திலேயே இருந்ததால் உடனே ஓடிவந்து, தலையில் கட்டுப்போட்டுக் கிடந்தவனைப் பார்த்தார். "உங்க பையனுக்கு உடனே தலையில ஆபரேஷன் பண்ணணும், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டார்.

அந்த நேரத்தில் ரேவதியும் ரவிச்சந்திரனும் வேறோர் ஆஸ்பத்திரியின் சவக்கிடங்கு வாசலில் கதறிக்கொண்டிருந்தார்கள். துணியை விலக்கிக் காட்டியபோதுதான், கிடப்பது கௌதம் இல்லை, கௌதமின் ஜெர்சி போட்ட நிர்மல் என்று தெரிந்தது. அவர்கள் ஓடிவந்து சேர்வதற்குள் கௌதம் இருந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்திருந்தது. அரை மணி தாமதித்திருந்தாலும் பையன் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். திருவேற்காட்டுக்குப் போகும்போதெல்லாம், ஆள் மாறிப்போன அந்தக் குழப்பத்துக்காகவே ரேவதி அம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இறந்தது நிர்மல்தான் என்று சொன்னபோது கஜபதி வாய்விட்டு அழக்கூட இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். 'கல் நெஞ்சுக்காரர்' என்று ரவிச்சந்திரன் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"நாளைக்குக் காலேஜ்ல விசாரணை அண்ணா. உங்களையும் கூப்பிட்டிருக்காங்களாம். கௌதமைக் காலேஜை விட்டே எடுத்துடுவாங்க போலிருக்கு. தப்பு லாரி மேலதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"லாரி மேலயும் தப்பு கீதும்மா. அதையும் சொல்லுவேன். ஆனா உங்க புள்ள நூத்திப்பத்துல போயிருக்கான். 'மெதுவாப் போடா'ன்னு நிர்மல் கத்தினானாம். கௌதமே போன் பண்ணி அழுதுகினே சொன்னான்."

ரவிச்சந்திரன் குறுக்கிட்டார். "மருந்து மயக்கத்துல ஏதோ உளறியிருப்பான் சார். வேகமெல்லாம் ஞாபகம் இல்லைன்னுதான் நாளைக்குச் சொல்லப்போறான். சொல்லிக் கொடுத்திருக்கேன்."

"அவன் சொல்றது அவன் இஷ்டம். என்னைக் கேட்டா, தெரிஞ்சதை அப்படியே சொல்லுவேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல சார்."

இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

ஆட்டோ ஏறியதும் ரவிச்சந்திரன் பொரிந்து தள்ளினார். "பழி வாங்குறான்! அன்னிக்குத் தன் புள்ளைன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டான். நம்ம பையன்னு தெரிஞ்சிருந்தா, சாகட்டும்னு பேசாம நின்னிருப்பான். இவனுக்குப் போய் நீ புண்ணியம் கிண்ணியம்னு..."

"வாயைக் கழுவுங்க. அந்த மழையில வேணாம் வேணாம்னு நான் சொல்லச் சொல்ல, கார் சாவியைத் தூக்கிக் கொடுத்தது யாரு?"

"ஆஸ்பத்திரி வழியாப் போப்பா" என்றார் அவர் ஆட்டோக்காரரிடம்.

விசாரணைக்கு, கௌதமின் சிகிச்சைக் காகிதங்களின் நகல் வேண்டும் என்று காலேஜில் கேட்டிருந்தார்கள். வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி வாங்கினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள் ரேவதி. ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கிய தாளில் கை நின்றது.

நோயாளியின் பெயர் 'நிர்மல்' என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். கடைசியில் கஜபதியின் கையெழுத்து. நடுவில் அவர் கையால் எழுதிய ஒரு வரி. அன்றைய அவசரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்திருப்பார்களே தவிர, அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ரேவதி தாளை மடியில் வைத்து, கோயிலில் கும்பிடுவதுபோல் இரண்டு கையும் கூப்பினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி ஆச்சு?" பதறிப்போய் வாங்கிப் படித்தார் ரவிச்சந்திரன். மறுபடியும் படித்தார். பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"கௌதம்... அப்பா சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மறந்துடுப்பா. நாளைக்கு நடந்ததை நடந்தபடியே சொல்லு. என் தப்பை நானும் வந்து சொல்றேன். முடிஞ்சதும் நேரா கஜபதி சார் வீட்டுக்குப் போய் அவர் கால்ல விழணும்."

'நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?' என்ற கேள்விக்கு எதிரே கஜபதி கோணல்மாணலாக எழுதியிருந்தார்:

'நண்பனின் அப்பா.'