கத்தரிக்காய் ஸ்டிக்கர்

"உங்க மாமா வாரதுக்குள்ள இத ஒட்டிரு" என்று மகளிடம் நீட்டினார் கண்ணுசாமி.

விதைக்கடையில் சும்மா கொடுத்த ஸ்டிக்கர் அது. அரையடி அகலத்துக்கு ஒரு குண்டுக் கத்தரிக்காய்.

தீபா புது லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கத்தரிக்காயத் தூக்கிட்டா காலேஜுக்குப் போகச் சொல்றீங்க?"

"கம்பெனிப் பேர மறைக்கிற அளவுக்கு வேற படம் கெடைக்கல."

எல்லாம் மைத்துனர் சின்னக்கண்ணுவுக்குப் பயந்துதான். திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். கேட்காமலே யோசனை சொல்வார். சொன்னபடி செய்யாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வருஷம் கிணற்றுக்கு மோட்டார் வாங்கும்போது, அவர் சொன்ன கம்பெனியை விட்டு வேறொன்றை வாங்கிவிட்டார் கண்ணுசாமி. எட்டு மாதம் பேச்சு இல்லை. வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் மொய்யை எழுதிவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். அண்ணன் இலையில் உட்காராமல் போனதை நினைத்து மனைவி மகேஸ்வரி ரெண்டு நாள் அழுதாள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் அவள் தாங்கமாட்டாள்.

இந்தத் தடவையும் மச்சான் தெளிவாகச் சொல்லியிருந்தார். "மாப்ள, நோவாரா வாங்குங்க. என் மண்டியில பன்னெண்டு வருஷமா ஓடுது. மேல காப்பி கொட்டியும் ஓடுது. நம்ம கையூம் கடைக்கே போங்க."

பக்கத்து வீட்டு ஆண்டனிராஜ் சார் குறுக்கே விழுந்தார். "நோவாராவா? அது சூட்டுல தோசையே சுடலாம். கிரிஸ்டன் வாங்குங்க. என் மகன் ஸ்டான்லி பெங்களூருல அதான் வச்சிருக்கான்."

தீபாவுக்கு வேண்டியது ரெண்டும் இல்லை. கட்டட வரைபடம் போடும் படிப்பு அவளுக்கு. அதற்குச் சரியாக வருவது மெரிடாதான் என்று சீனியர்களைக் கேட்டு வைத்திருந்தாள். ஆனால் விலை அப்பாவின் கைக்கு எட்டாது. தயங்கித் தயங்கித்தான் கடையில் அதைக் காட்டினாள்.

கடைக்காரர் அப்துல் கையூம் தானாகவே சொன்னார். "காலேஜ் சேருற பிள்ளைகளுக்கு இந்த வாரம் தள்ளுபடி இருக்கு. நீங்க கொண்டாந்தது போதும்."

கேட்காமல் விலை குறைக்கிற கடைக்காரரைக் கண்ணுசாமி அன்றுதான் பார்த்தார். "பாய், இத வாங்குனத மட்டும் எங்க மச்சான்கிட்டச் சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்று கையூம் சிரித்தார்.

ஒருவழியாகக் கத்தரிக்காயை ஒட்டியாயிற்று. திறந்து பார்த்தால் திரைக்குக் கீழேயும் சின்னதாக மெரிடா என்று இருந்தது. புதுப் பொருளுக்குப் பொட்டு வைப்பது வழக்கம்தானே? கண்ணுசாமி சந்தனத்தைக் குழைத்து அந்தப் பெயரின் மேலேயே அப்பி, நடுவில் குங்குமத்தையும் வைத்தார்.

"ஆன் பண்ணும்போது பேர் வருமேப்பா?"

"அணைச்சாத்தான வரும்? அணைக்காத."

"கத்தரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும்" என்றாள் மகேஸ்வரி, கோழியை வதக்கிக்கொண்டே.

முதலில் வந்தது ஆண்டனிராஜ் சார். மூடியில் ரெண்டு தட்டு தட்டினார். "கிரிஸ்டன்தான? சத்தத்துலயே தெரியுது. நல்லவேள, என் பேச்சக் கேட்டீங்க."

கண்ணுசாமிக்குப் பாதி உயிர் வந்தது.

செத்த நேரத்தில் மச்சான் வந்தார். கத்தரிக்காயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தார். மகேஸ்வரி கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்றாள்.

"நோவாரான்னா நோவாராதான் மாப்ள. எடையே சொல்லுதே!"

"நீங்க சொல்லி நான் மீறுவேனா மச்சான்?" கண்ணுசாமிக்கு மீதி உயிரும் வந்துவிட்டது. மச்சானை இலையில் உட்காரவைத்துவிட்டு, சோடா வாங்கக் கடைக்கு ஓடினார்.

தீபாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வறட்டுக் கௌரவக்காரருக்காக வீடே நாடகம் ஆடுகிறது. நாளைக்கு வகுப்பில் எல்லாரும் அவளைக் கத்தரிக்காய் என்றுதான் கூப்பிடப்போகிறார்கள். லேப்டாப்பை மடியில் வைத்து வாரண்டி பதியும் வேலையைத் தொடங்கினாள்.

'கடையில் கொடுத்த செல் நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியுள்ளோம். கடைசி இரண்டு எண்கள் 47' என்று திரையில் வந்தது.

"அப்பா நம்பர் இது இல்லையே?"

மாமாவின் சட்டைப் பையில் செல் சிணுங்கியது.

"லோன் வேணுமான்னு கேப்பான். விடு தாயி" என்றார் சின்னக்கண்ணு, கோழிக்காலைக் கடித்தபடி.

தீபா விடவில்லை. செல்லை எடுத்துப் பார்த்தாள். ஆறு இலக்க எண் வந்திருந்தது. அதற்குக் கீழேயே கையூம் கடையின் பழைய மெசேஜ்: 'மெரிடா லேப்டாப்புக்கு மீதித் தொகை கிடைத்தது. நன்றி.'

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா... அப்ப அந்தத் தள்ளுபடி..."

சின்னக்கண்ணு அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ எதக் கேட்டாலும் குடுங்கன்னு கையூம்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். படிக்கிற பிள்ளைக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது? அன்னிக்கு நான் சொன்ன மோட்டாரு என் தோட்டத்துலயே ரெண்டு தடவ கருகிப்போச்சு. அத எந்த மூஞ்சிய வச்சுட்டு உங்கப்பாகிட்டச் சொல்றது?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணுசாமி சோடாவோடு வந்துகொண்டிருந்தார். சின்னக்கண்ணு அவசரமாகச் சொன்னார்:

"அந்தக் கத்தரிக்காய மட்டும் உரிச்சிராத தாயி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, உங்கப்பா பாவம், சங்கடப்படுவாரு."