குழியைச் சுற்றி நான்கு கம்பு

வந்திருந்தவர்கள்: பல் டாக்டர், பஸ் கண்டக்டர், தையல்கடைக்காரி, அத்தை, நான்.

கடலாமைகளைக் காப்பாற்ற அந்த ஊரில் இவ்வளவு பேர்தான் அகப்பட்டார்கள். ஆமைக்குப் பல் கிடையாது. ஆனாலும் பல் டாக்டர் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

ஆளுக்கொரு சாக்கு. பாலிதீன் பை, பாட்டில் மூடி, அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு. மிதக்கும் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமை விழுங்கிவிடுமாம். கண்டக்டர் பழக்க தோஷத்தில் "உள்ள போ, உள்ள போ" என்று குப்பையை அமுக்கிக்கொண்டிருந்தார்.

நிரம்பிய சாக்குகளைக் கவிழ்ந்து கிடந்த படகோரம் போட்டோம்.

ஏழு மணிக்கு ஆமைக்காரர் ஓடி வந்தார். ஆமை முட்டையிட்ட குழிகளைக் காவல் காப்பது அவர் வேலை. ஒரு குழியைச் சுற்றி நான்கு கம்பு நட்டு நீல ரிப்பன் கட்டியிருந்தாராம். இப்போது கம்பும் இல்லை, ரிப்பனும் இல்லை.

"நூத்திப் பத்து முட்டைங்க," என்றார். மூச்சு இரைத்தது.

சாக்குகளைக் கொட்டிப் பார்த்தோம். அத்தையின் சாக்கில் இருந்தன.

தையல்கடைக்காரிதான் முதலில் சிரித்தாள். அத்தை கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளுகிறவள். போன மாதம், குளித்துக்கொண்டிருந்த ஒருவர் கரையில் கழற்றி வைத்த கால்சட்டையை அள்ளிவிட்டாள். அந்த மனிதர் இடுப்பளவுத் தண்ணீரை விட்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை.

அத்தை கம்புகளைப் பார்த்தாள். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

"சரி, நான்தான்."

"எங்கேருந்தும்மா புடுங்குனீங்க?"

அத்தை பொதுவாகக் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் முழுக்க மணல்தான்.

அதே பக்கம் டிராக்டர் வந்துகொண்டிருந்தது. கூட்டம் சேர்வதற்குள் கரையைக் கிளறிச் சமப்படுத்தும் வண்டி. பின்னால் இரும்புப் பல் வைத்த சட்டம். ஆமைக்காரர் குறுக்கே போய் நின்றார்.

டிரைவர் நல்ல மனிதர்தான். "இடத்தைக் காட்டுங்க, சுத்திப் போறேன். மொத்தக் கரையையும் விட்டுட்டுப் போனா என் வேலை போயிடும்."

ஆமைக்காரர் பார்த்துக்கொள்வது பதினேழு குழிகள். படகுக்கு அந்தப் பக்கம் என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மணல் முழுக்க எங்கள் காலடிகள்.

எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

நான் நடந்தேன். இரவு வேலையை விட்டு மூன்று மாதமாகியும் காலை என்றால் எனக்குப் பாதித் தூக்கம்தான். படகைத் தாண்டி இருபது அடி தள்ளிப் போய் நின்றேன்.

"இங்கதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தை புடுங்கினதைப் பார்த்தேன்."

ஆமைக்காரர் மண்டியிட்டுக் கையால் தோண்டினார். முழங்கை வரை மணலுக்குள் போனதும் அவர் முகம் மலர்ந்தது. விரல் நுனியில் ஒரு முட்டை. அலுங்காமல் மணலை மூடினார்.

கம்புகளை மறுபடி நட்டோம். டிரைவர் கையசைத்துவிட்டுச் சுற்றிப் போனார். பல் டாக்டர் கைதட்டினார்.

திரும்பும் வழியெல்லாம் கண்டக்டர் அத்தையை ஓட்டித் தள்ளினார். "அக்கா, கலங்கரை விளக்கத்தை மட்டும் விட்டு வைங்க. கப்பலுக்கு வேணும்."

அத்தையும் சேர்ந்து சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு, சாக்குகளைத் தன் வீட்டுக் கொட்டகைக்குள் வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சுமந்து போனேன். ஐந்தாவதை இறக்கும்போது அவள் வாசலில் நின்றாள்.

"காலையிலேருந்து முட்டி வலி, மருமகனே. ஒரே இடத்துல உக்காந்து பாட்டில் மூடி மட்டும்தான் பொறுக்கினேன்."

நான் குனிந்து சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

குப்பை என்று நினைத்துத்தான் பிடுங்கினேன். ஆமைக்காரர் ஓடி வருவதைப் பார்த்ததும், கிடந்த சாக்குகளில் அத்தையுடையதாகப் பார்த்துத் திணித்தேன். வேறு யாருடையதில் கிடைத்திருந்தாலும் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

"பிளாஸ்டிக் தனி, கண்ணாடி தனி, வலை தனி. பிரிச்சு முடிச்சதும் குரல் குடு."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தி, வெளியே பூட்டினாள்.